தேற்றாத்தீவில் பாய் தொடாத ஒன்பது நாள்

நான் பயப்படுகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சௌகரியமாக இருக்கும். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது தரம் என் மனைவி செல்வியே இழுத்துக் காட்டிவிடுவாள். இப்படிப்பட்ட ஆளைத்தான், சுனாமி வந்து ஆறு மாதம் கழித்து, மட்டக்களப்புக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள்.

சொல்லிக்கொடுப்பது என்றால் கணக்கும் இங்கிலீஷும் இல்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பின்னங்கள் வந்தன, நான் போய்விட்டேன். அன்றிலிருந்து இருபத்து நான்கு வருடமாகச் சிவகாசியில் பைண்டிங் வேலை. எங்கள் தெருவில் நிவாரணம் சேர்த்த நண்பர்கள் ஒருமுறை அங்கே போய்வந்து, முகாமில் கம்பளிச் சட்டை மூட்டை மூட்டையாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு எழுத நோட்டுதான் இல்லை என்றார்கள். "ஒரு பைண்டர் போய்த் தைக்கச் சொல்லிக்குடுத்தா, அதுகளே தச்சுக்கிடும்" என்றார் ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் நின்றது.

தாளுக்குப் பஞ்சமில்லை. அச்சுப் பிழையான தினசரி காலண்டர் தாள் அச்சகத்தில் மலையாகக் கிடந்தது. ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெள்ளை. ஆனால் பிழை என்பது ஒரு தேதித் தாளில் விழுந்தால் அந்தத் தேதித் தாள் அத்தனையிலும் விழும். நான் கட்டிய மூட்டையில் இருந்தது பூராவும் ஒரே செவ்வாய்க்கிழமை. அதே முருகன் படம், அதே இராகு காலம், அதே ராசிபலன். என் ராசி கடகம். கடகத்துக்கு அன்று ஒரே ஒரு சொல்தான் போட்டிருந்தது: பயம்.

கொழும்பிலிருந்து போகும் ரயிலில் எதிரே யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"மட்டக்களப்புக்கே? போம். ஆனா பாயில மட்டும் இருந்திடாதையும். மந்திரம் போட்டு ஒட்ட வைச்சுப்போடுவாங்கள். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் ஒரு கிழமைக்கெண்டு போனவன், இன்னும் வரேல்ல."

"போய் எவ்வளவு நாளாச்சுங்க?"

"அது ஒரு பதினெட்டு வருசம்."

அவர் சிரித்தாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, வடையை எடுத்துத் தின்றார். மட்டக்களப்பில் இறங்கியதும் முதல் வேலையாகத் தொலைபேசிக் கடைக்குப் போய்ச் செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தைரியம் சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு. "சும்மாவா சொல்வாங்க? பாயப் பாத்தா எட்டி நில்லுங்க" என்றாள்.

அங்கிருந்து தெற்கே போகும் பஸ்ஸின் கூரையில் மூட்டையை ஏற்றினார்கள். நாவற்குடா தாண்டவில்லை, மூட்டை வாய் பிரிந்துகொண்டது. ரோட்டில் முருகன் முருகனாகப் பறந்தார். பஸ் நின்றது. பயணிகள் எல்லோரும் இறங்கிப் பொறுக்கினார்கள். பொறுக்கியவர்கள் அப்படியே தரவில்லை, ஒவ்வொரு தாளையும் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் தந்தார்கள். அதனால் நாற்பது நிமிடம் ஆனது. எங்கள் ஊராக இருந்தால் கண்டக்டர் என்னையும் அங்கேயே இறக்கிவிட்டிருப்பார். இவர் தானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "செவ்வாக்கிழமை நல்ல நாள்தான்" என்றார்.

அடுத்த சோதனைச் சாவடியில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். சண்டை நிறுத்தமாக இருந்த காலம்தான், ஆனாலும் வண்டிக்கு வண்டி இறக்கிப் பார்த்தார்கள். பையில் அரைக் கிலோ மயில்துத்தம் இருந்தது. பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுகிற நீலப் பொடி. சிப்பாய் பொட்டலத்தைப் பிரித்து, இன்னொரு சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இது சமையல் சாமானா எண்டு கேக்கிறார்."

"ஐயோ, சாப்பிடக் கூடாதுன்னு சொல்லுங்க. விஷம்" என்றேன்.

பெரியவர் அதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு அவராக ஏதோ நீளமாகச் சொன்னார். சிப்பாய்கள் சிரித்துப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "தம்பிக்குச் சொறி, அதுக்குப் பூசுறது எண்டன்" என்றார். அதன்பின் அந்த பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

நான் தங்கிய வீடு தேற்றாத்தீவில், வாவி என்கிற உப்பங்கழிப் பக்கம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் தப்பிய வீடு. வீட்டுக்காரர் கணபதிப்பிள்ளை அண்ணன் வாவியில் வலை போடுகிறவர். அவர் மனைவி பூமணி அக்கா என்னைக் கண்டதும் உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த புதுப் பன்பாயை எடுத்து வந்து உதறி விரித்தார். வாவிக்கரையில் முளைக்கிற பன் என்ற கோரையில் பின்னியது. சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட அழகான பாய். நான் எட்டி நின்றேன்.

"இரிங்க தம்பி" என்று உட்காரச் சொன்னார்.

"பரவால்லக்கா, நிக்கிறேன்."

"ஏன், என்ன வருத்தம்?"

நோயை அங்கே வருத்தம் என்கிறார்கள். அவசரத்தில் மனிதனுக்கு என்ன வாயில் வருகிறதோ அதுதான் வரும். "மூலம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே. அன்று சாயங்காலம் அண்ணன் வாவியிலிருந்து உள்ளங்கை அகல நண்டு ஏழு கொண்டுவந்தார். அக்கா தேங்காய்ப்பாலும் முருங்கை இலையும் போட்டுக் காய்ச்சினார். வாசனை வேலி தாண்டிப் போனது. என் தட்டில் மட்டும் கஞ்சியும் வெந்தயமும் வாழைப்பழமும். "மூலக்காரருக்கு நண்டு ஆகாது" என்றார் அக்கா. மறுநாள் இறால், அதுவும் ஆகாது. பிட்டும், கூனி என்ற பொடி இறால் போட்டு இடித்த சம்பலும், அதில் உறைப்பு, ஆகாது. முட்டித் தயிர் மட்டும் ஆகும் என்று தீர்ப்பானது. எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, எங்கள் ஊரில் இப்படி ஒரு தயிரை நான் கண்டதில்லை. ஆனால் நண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர் தின்பவனின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் முகம் இருந்தது. சாப்பிடுவது முற்றத்தில் ஒரு தென்னங்குத்தியில், வெட்டிய அடிமரத் துண்டில், உட்கார்ந்து. படுப்பது வாங்கில். பெஞ்சை அங்கே வாங்கு என்கிறார்கள். அதிலிருந்து இரண்டு தரம் விழுந்தேன்.

முகாம் தென்னந்தோப்புக்குள் இருந்தது, சைக்கிளில் பத்து நிமிடம். கடலோரத்துக் குடும்பங்கள். பள்ளிக்கூடமும் அலையோடு போய்விட்டதால், பக்கத்து ஊர்ப் பள்ளியில் மத்தியானத்துக்கு மேல்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இடம். காலையில் கூடாரத்துக்குள் இருக்க முடியாது, அவித்துவிடும். தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில்தான் மொத்த முகாமிலும் பிள்ளைகள் நிழலில் உட்காருகிற இடம். வகுப்பும் அங்கேதான், வீட்டுப்பாடமும் அங்கேதான்.

அந்தக் கொட்டிலுக்கும் ஒரு கண்டம் இருந்தது. முகாம் பொறுப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வீடு கட்டச் சீமெந்து வருகுது, சேர். நனைஞ்சா இவங்களுக்கு வீடு இல்ல. வாற வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து எண்ணுவன். இருவது புள்ளைக்குக் குறைவெண்டா கொட்டில் சீமெந்துக்கு. நான் கெட்ட மனிசன் இல்ல." அவர் கெட்ட மனிதர் இல்லைதான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவர் என்றால் கெஞ்சலாம்.

வியாழக்கிழமை முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். கொட்டில் பூராவும் பன்பாய். பிள்ளைகள் பாயில், நான் மண்ணில் நின்றுகொண்டு. என்னை "சேர்" என்று கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நின்றேன். நோட்டை அங்கே கொப்பி என்கிறார்கள். தாளை மடிப்பது, ஊசி கோர்ப்பது, முதுகில் பசை தடவி அட்டை ஒட்டுவது என்று ஆரம்பித்தோம். பசை காய்ச்சுவதும் நீலப் பொடி போடுவதும் நான் மட்டும். பொடியைத் தொட்ட கையை எத்தனை தரம் கழுவுகிறேன் என்று பிள்ளைகள் எண்ணி, ஆறு என்று அறிவித்தார்கள்.

டிலானி என்று ஒரு பிள்ளை, பதினொரு வயது, இரட்டைப் பின்னல். எல்லோரையும் அதட்டுவதும் அவள்தான், எல்லோருக்காகவும் கேட்பதும் அவள்தான். தாளைத் திருப்பிப் பார்த்து, "சேர்ட ராசி என்ன?" என்றாள்.

"கடகம்."

"கடகம், பயம்" என்று வாசித்தாள். அடுத்தவன் தன் தாளைப் பார்த்து, "எனக்கிட்டயும் பயம்" என்றான். முப்பத்தொரு பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அது வழிபாடு மாதிரி ஆகிவிட்டது. காலையில் நான் சைக்கிளை நிறுத்தியதும் ஒருத்தி, "இண்டைக்கு சேருக்கு என்ன பலன்?" என்பாள். மற்ற எல்லோரும் தாளைப் பார்க்காமலே, "பயம்" என்பார்கள்.

"சேர் ஏன் இரிக்கமாட்டீங்க?" என்று டிலானி கேட்டாள். இங்கே மூலத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நின்னாத்தான் எனக்குச் சொல்லிக்குடுக்க வரும்" என்றேன். அவள் என்னையும் பாயையும் பார்த்தாள்.

வெள்ளியும் முப்பத்தொன்று. திங்கட்கிழமை இருபத்தாறு. செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டு. புதன்கிழமை பதினேழு. நான் எண்ணினேன், திருப்பி எண்ணினேன், கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். சிவகாசியில் என்னோடு படித்தவன் யாராவது இந்தப் பக்கம் வந்திருப்பானோ என்றுகூட யோசித்தேன்.

வியாழக்கிழமை பதினைந்து. டிலானி வந்திருந்தாள், ஆனால் அவளுடைய இரண்டு தங்கைகளைக் காணோம். கேட்டேன்.

"அம்மா விடல்ல."

"ஏன்மா?"

அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கட பாயில இரிக்க அருவருக்கிற மனிசன் எங்கட புள்ளையளுக்கு என்னத்தப் படிப்பிக்கிற எண்டு அம்மா கேட்டா. அது அம்மாக்கள் இழைச்ச பாய், சேர்."

அந்த முகாமில் பானை யாரோ கொடுத்தது. கூடாரம் யாரோ கொடுத்தது. உடுத்தியிருக்கிற துணி யாரோ கொடுத்தது. பாய் மட்டும்தான், அலைக்குப் பிறகு, அவர்கள் தாங்களே வாவிக்குப் போய்ப் பன் அறுத்து வந்து இழைத்தது. எட்டு நாளாக நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறேன்.

சைக்கிளை மிதித்த வேகத்தில் வீட்டுக்கு வந்து, கணபதிப்பிள்ளை அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரயில், வடை, பதினெட்டு வருடம், செல்வி, மூலம். அவர் வலைக்கண் பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்கக் கேட்க வலையை முகத்தில் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். வலை குலுங்கியது. சிரிக்கிறார்.

"தம்பி, அது மெய்தான்" என்றார் ஒருவழியாக. "நான் திருகோணமலை ஆள். கொப்பறா வாங்க வந்தவன். இந்த வீட்டுல பாய் போட்டாங்க, இரிந்தன். இருவத்தாறு வருசம். இஞ்ச வீடு வளவு எல்லாம் பொம்பிளப் புள்ளைக்குத்தான். கலியாணம் முடிச்சா நாங்கதான் வந்து இரிக்கணும். மறுகா எங்க போற?"

அடுப்படியிலிருந்து பூமணி அக்காவின் குரல் வந்தது. "நான் ஒட்டல்ல. இவர்தான் எழும்பல்ல."

"அப்ப மந்திரம்?" என்றேன்.

"நண்டுக்கறி" என்றார் அண்ணன்.

நாளைக்கு முகாமில் எல்லோர் முன்னாலும் பாயில் உட்காரப்போகிறேன் என்று சொன்னேன். அக்கா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பூமணி அக்காவுக்கு ஒன்று தெரிந்தால் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது அதுதான்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. கொட்டிலைச் சுற்றிக் கூட்டம். பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். இதுவரை வராத பிள்ளைகளும், பால்குடிப் பிள்ளைகளும், அம்மாக்களும். ஓர் ஆள் பாயில் ஒட்டிக்கொள்வோம் என்று பயந்து ஒன்பது நாள் நின்றானாம், இன்றைக்கு உட்காருகிறானாம் என்றால் யார்தான் கூடாரத்துக்குள் இருப்பார்கள்? டிலானியின் அம்மா தூணில் சாய்ந்து நின்றார். முந்தானையால் வாயை மூடியிருந்தார்.

"எங்கள வெறுத்திட்டீங்க எண்டு நினைச்சம், சேர்" என்றார். "பயத்திலயா நிண்டீங்க?"

"ஆமாம்மா."

"இந்த வயசில?"

நடுவில் ஒரு பாய் தனியாக விரித்திருந்தது. "சேர்ட பாய்" என்றாள் டிலானி. யாரோ ஒரு குரல், "இண்டைக்கு சேருக்கு என்ன பலன்?" எல்லோரும், அம்மாக்களும் சேர்ந்து, "பயம்." நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஈரமாக, குளுகுளு என்று இருந்தது. புதுப் பன்பாய் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நிம்மதியில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ஏழாம் வகுப்போடு நின்றதைச் சொன்னேன், பின்னங்களைச் சொன்னேன். ஒரு பையன், "ஆறில ஒரு பங்கும் தெரியாதா சேர்?" என்று இரக்கமாகக் கேட்டான். அவனே தாளை மடித்து எனக்கு விளக்கினான். புரிந்தது. அந்த உற்சாகத்தில் இரண்டு மணிநேரம், அசையாமல், வெயிலில் காய்கிற கொட்டிலுக்குள் உட்கார்ந்தபடி நாற்பது கொப்பி தைத்தோம்.

அப்போது பொறுப்பாளர் கையில் புத்தகத்தோடு வந்தார். மரியாதைக்கு எழுந்திருக்கப் போனேன்.

எழுந்திருக்க முடியவில்லை.

இன்னொரு தரம் முயன்றேன். பாய் என்னோடு கொஞ்சம் எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. ரயில் வியாபாரி, வடை, செல்வி, பதினெட்டு வருடம் எல்லாம் கண்முன் வந்து நின்றன. சிவகாசியில் என் சாவிக்கொத்து எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூட ஞாபகம் வந்தது. "ஒட்டிக்கிச்சு" என்றேன்.

பிறகுதான் என் மூக்குக்குத் தெரிந்தது. அது முந்தின நாள் நான் காய்ச்சி வைத்துவிட்டுப் போன பசை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கட்டியில்லாமல், இரண்டு பூச்சு.

"நாங்கதான், சேர்" என்று டிலானி எழுந்து நின்றாள். பொறுப்பாளரைப் பார்த்துச் சொன்னாள்: "சேர் ஒட்டிட்டார். இனி இது சேர்ட இடம். ஆள் இரிக்கிற இடத்தில சீமெந்து வைக்க ஏலாதுதானே?"

பொறுப்பாளர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு எண்ணினார். பால்குடிகளை விட்டு நாற்பத்தாறு. எண்ணி முடித்த பிறகும் புத்தகத்தை முகத்திலிருந்து எடுக்கவில்லை, தோள் மட்டும் ஆடியது. "சரி, சரி. சீமெந்துக்கு நான் என்ட அறையைக் குடுக்கிறன்" என்றார். அன்றே அவர் மேசை தென்னைமரத்தடிக்கு வந்துவிட்டது.

மாவுப் பசைதானே, வெந்நீர் ஒரு செம்பு ஊற்றினால் பத்து நிமிடத்தில் விட்டுவிடும். பைண்டரான எனக்குத் தெரியும், சொல்லவும் சொன்னேன். டிலானியின் அம்மா தடுத்துவிட்டார். "சுடுதண்ணி விட்டா சாயம் போகும். நாலு நாள் இழைச்ச பாய்." அதனால் பாயைக் காப்பாற்றி என் பேண்டை வெட்டுவதென்று முடிவானது. என் கத்தரிக்கோல், பிடித்தது டிலானியின் அம்மா. ஆண்பிள்ளைகள் சுற்றி நின்று மறைத்தார்கள். பின்பக்கத் துணி பாயிலேயே நின்றுவிட்டது. இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்தார்கள். அந்த முகாமில் கம்பளிச் சட்டை ஒருவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் முறை.

அந்தக் கோலத்தில் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். பூமணி அக்கா ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தார். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தேன். தட்டில் நண்டு வந்தது.

"அக்கா, எனக்கு மூலமே இல்லை" என்றேன்.

"தெரியும். மூலக்காரன் தென்னங்குத்தியில இரிப்பானா? முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒன்பது நாளா நண்டு தரல?"

"பொய் சொன்னதுக்கு."

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தேன். காலை முழுவதும் பாயில், சாயங்காலம் பாயில், நண்டும் பாயில். கிளம்புகிற அன்று சொல்லிக்கொள்ளக் கொட்டிலுக்குப் போனேன். நான் உட்கார்ந்த பாயை யாரும் எடுக்கவில்லை. நடுவில் என் பேண்டின் துணி, கொஞ்சம் வெளுத்து, இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பசையைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்துத் தூணில் ஒரு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். டிலானியின் கையெழுத்து: "இது சேரின் இடம். சீமெந்து வைக்கக் கூடாது."

வீட்டில் செல்வி பையைப் பிரித்துத் துணிகளை எண்ணினாள். நாலு பேண்ட் போனது, மூன்று வந்திருக்கிறது.

"இன்னொண்ணு எங்க?"

"அங்க இருக்கு. பஸ்ல துண்டு போட்ட மாதிரி இடம் பிடிச்சு வச்சுட்டு வந்தேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, நான் திரும்பிப் போய்விடுவேனோ என்று, வாசல் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.